இரண்டு பேருக்கும் சம்மதமாம்

நவம்பர் 5, செவ்வாய்

காலையிலிருந்து மழை. குடை ஆபீசில். சொக்ஸ் ஈரம், நாள் முழுக்க நாற்றம்.

வாங்க வேண்டியவை: பல்ப், தலைவலி மாத்திரை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நல்ல ஷர்ட். ரமேஷின் தங்கச்சி தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம், பன்விலவில். மாப்பிள்ளை பிரதீப்பின் தம்பி. ரமேஷும் பிரதீப்பும் என்னோடு படித்தவர்கள். போகாமல் முடியாது.

பஸ்ஸில் போனைத் திறந்தால், நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாங்கள் போனில் ஆடும் கால்பந்து லீக்கில் ஒரு ட்ரேட், ஆள் மாற்றம். ரமேஷ் நெட்டையனைத் தூக்கிப் பிரதீப்புக்குக் கொடுத்துவிட்டான். பதிலுக்கு வாங்கியது, முழங்கால் ஒபரேஷன் முடிந்து படுத்திருக்கும் ஒரு டிஃபெண்டர். பைத்தியமா இவனுக்கு? நெட்டையன் (பெயர் நாங்கள் வைத்தது) இங்கிலாந்தில் போடும் ஒவ்வொரு கோலுக்கும், இங்கே அவனை வைத்திருப்பவனுக்குப் புள்ளி. வருஷா வருஷம் கடைசியில் கிடந்த ரமேஷ் இந்த முறை முதலிடத்தில் இருப்பதே அவனால்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே சண்டை. 'கமிஷனர் தூங்குறாரா?' லீக்கை நடத்தும் கமிஷனர் நான். சம்பளம் இல்லை, ஏச்சு மட்டும். சனிக்கிழமை மேட்ச் தொடங்குமுன் பாஸா ரத்தா என்று சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 6, புதன்

தூறல். தலைவலி.

என் விதி எளிது. ஒருவன் முட்டாள்தனமாகக் கொடுத்தால் அது அவன் உரிமை. இரண்டு பேர் சேர்ந்து மற்றவர்களை ஏமாற்றினால்தான் ரத்து. ஆகவே தனித்தனியாக விசாரணை. எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பிரதீப்பின் நாவலப்பிட்டிக் கடைக்குப் போன் போட்டேன். சிமெந்து மூட்டை இறக்கும் சத்தத்துக்கு நடுவே, இரண்டு பேருக்கும் சம்மதம், உனக்கென்ன வயித்தெரிச்சல் என்றான். அடுத்த வாரம் நானும் அவனும் லீக்கில் மோதுவதை ஞாபகப்படுத்தினான். உண்மைதான். ரத்து செய்தால் என் பெயர் நாறும். செய்யாவிட்டாலும் நாறும்.

மத்தியானம் ரமேஷின் போன் கடை. டிஃபெண்டர் தேவைப்பட்டதாம். அவனிடம் டிஃபெண்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள். யாருடையதோ ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சோற்றுப் பார்சலில் மீன் இல்லை, முள் மட்டும்.

நவம்பர் 7, வியாழன்

அதிசயமாக வெயில். பல்ப் மறந்துபோனது. வீட்டில் ஏச்சு.

மறுபடி ரமேஷிடம். இன்று ஒன்று காதில் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் பிரதீப்பை 'டேய் பல்லா' என்று கூப்பிட்டவன், இப்போது 'அவரு' என்கிறான். அவருக்கு ஆசை. அவருக்கு வேணுமாம். நேரடியாகவே கேட்டேன்: அவன் கேட்டானா, நீயாகக் கொடுத்தாயா?

"பொண்ணு வீட்டுக்காரங்க மச்சான் நாங்க. கேட்டா எப்புடி இல்லன்னு சொல்றது? வெளையாட்டாதான் கேட்டாரு. பாஸ் பண்ணிரு."

சம்மதமாம், மண்ணாங்கட்டி. இல்லை என்று சொல்ல முடியாதவன் சொல்லும் ஆமாவுக்கு என்ன பெறுமதி? லீக் விதியில் இதற்கு ஒரு வரி கிடையாது. ரத்து செய்தால் சம்பந்தத்தில் ஏதும் கசப்பு வருமோ? ஒரு விளையாட்டுக்காகவா? வராது.

நவம்பர் 8, வெள்ளி

ரத்து. உண்மைக் காரணத்தை எழுத முடியாது; குரூப்பில் இப்படிப் போட்டுவிட்டேன்: 'ட்ரேட் சமமாக இல்லை. ரத்தானது ரத்தானதுதான், இந்த சீசனில் மறுபடி கொண்டுவர முடியாது.' அந்த இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கைதட்டல் படம். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஷர்ட் வாங்கினேன். கழுத்து இறுக்கம்.

நவம்பர் 10, ஞாயிறு

பன்வில. ஒரே பனி, எதிரே வரும் வாகனம் தெரியவில்லை. தட்டு மாற்றியாயிற்று. தர்ஷினிக்குப் பச்சைச் சேலை, முகமெல்லாம் சந்தோஷம். பாயசம் இரண்டு தரம்.

பந்தியில் பிரதீப், எல்லோருக்கும் கேட்க:

"நெட்டையனத்தான் கமிஷனர் தர விடல. ஒம்பைக்கையாவது தம்பிக்குக் குடு மச்சான். ஒந்தங்கச்சியத்தானே ஏத்திக்கிட்டுப் போகப்போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். ரமேஷும் சிரித்தான். அவன் அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரமேஷ் சிரித்தபடியே எழுந்து, இடது கையால் பொக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தான். வேண்டாம், சும்மா சொன்னேன் என்று பிரதீப் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. என்னால் வந்த வினை. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்து என்ன சொல்வது?

நெட்டையன் நேற்று இரண்டு கோல். ரமேஷ்தான் முதலிடம். குரூப்பில் வாழ்த்து மேல் வாழ்த்து.

நவம்பர் 11, திங்கள்

மழை. ஆபீஸ் வாசலில் ரமேஷ். பைக் இல்லாமல், பன்வில பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான். தலை நனைந்து, சப்பாத்தெல்லாம் சேறு. ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சான், அந்த ட்ரேட இப்ப பாஸ் பண்ண ஏலுமா? நெட்டையன் கெடச்சா அவரு பைக்கத் திருப்பித் தந்தாலும் தருவாரு."

ஏலும் என்றேன். நானே போட்ட விதிப்படி ஏலாது.