எதிர்வசனம் படித்தவர்

மார்ச் 3, செவ்வாய்

லிஃப்ட்காரர் வேடத்துக்கு இன்றோடு முப்பது பேர். நாலு நாளாக ஒரே அறை, ஒரே நாற்காலி, சுவரில் அதே சாம்பல் நிறத் துணி. கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் ஆள் கிடைத்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதினேழாம் எண். ரேடியோவில் செய்தி வாசிப்பவர். லிஃப்ட் பொத்தானில் விரலை வைத்தபடி அவர் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

படங்களுக்கு நடிகர்களைத் தேடிக் கொடுக்கும் வேலைக்கு வந்து ஒன்பது வருடம். என் கண் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை. எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களே ஒரு தபால்காரி, அந்த வேடத்துக்கு முதலில் பேசி முடித்திருந்தது வேறொரு நடிகையை. சைக்கிள் ஓட்ட வராது என்று கடைசி வாரத்தில் கழன்றுகொண்டார். இன்னொரு படத்தில் நீதிபதியாக வந்து மிரட்டியவர், உண்மையில் வாசல் காவலாளி வேடம் கேட்டு வந்த மனிதர். இடம் மாற்றி உட்கார வைத்தது நான். எந்தப் பெரிய வேடத்தையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் இன்னொருவர் இருப்பார்.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் கேட்டே விட்டார். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு. "அந்த லிஃப்ட்காரனுக்கு என்னையும் ஒரு தடவை பாரேன்."

என் வீட்டுக்காரர் நடிகர். இருபது வருடத்தில் நாற்பது படம், நாற்பதிலும் இரண்டிரண்டு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், சாட்சி சொல்பவர். வேலை இல்லாத நாட்களில் என் தேர்வு அறைக்கு வந்து எதிர்வசனம் படிப்பார். அதாவது, தேர்வுக்கு வருபவர் கேமரா முன்னால் நடிக்க, கேமராவுக்குப் பின்னால் நின்று எதிராளியின் வரிகளைப் படிப்பது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். இந்த முப்பது பேருக்கும் அவர்தான் படித்தார்.

இவ்வளவு வருடத்தில் என்னிடம் ஒரு வேடம் என்று வாய் திறந்ததில்லை. இப்போது ஏன்? ஐம்பது வயது நெருங்குகிறது, அதனாலா? வரச் சொன்னேன். ஆனால் முப்பத்தொன்றாம் எண்ணாக, வரிசையில், பெயர் சொல்லாமல். இயக்குநருக்கு அவர் யார் என்று தெரியக்கூடாது. அதுதான் நியாயம் என்றேன். அதுதான் சரி என்று அவரும் சொன்னார்.

மார்ச் 6, வெள்ளி

முடிந்தது. எதிர்வசனம் படிப்பவரே நடிக்க வந்துவிட்டதால் நான் படித்தேன். யார் படித்தால் என்ன, வசனம் ஒன்றுதானே.

காட்சி சின்னது. ஆஸ்பத்திரி லிஃப்ட். லிஃப்ட்காரனோடு பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் ஏறுகிறார். சீருடை போட்டவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? தம்பியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஐந்தாவது மாடி வருவதற்குள் 'நான்தான்' என்று சொல்வதா வேண்டாமா என்று தம்பி தவிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் செய்தது... எப்படிச் சொல்ல. தப்பில்லை. சுத்தமாக இருந்தது. ஆனால் உள்ளே எதுவும் அசையவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு கணம் என்னைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தவர்போல. பிறகு தொடர்ந்தார். வீட்டுக்காரர் என்பதற்காக என் கண்ணை நான் மூடிக்கொள்ள முடியாது.

மார்ச் 9, திங்கள்

பட்டியல் அனுப்பியாகிவிட்டது. காலையில் துணி காயப்போடும்போது கேட்டார்.

"நான் எத்தனாவது?"

"ஆறாவது."

"சரி," என்றார். ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். இன்னொரு சட்டையை எடுத்தார். அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும்.

பொய் சொல்லியிருக்கலாமோ? இரண்டாவது என்று? சொல்ல மாட்டேன். என் தொழிலில் நான் வைத்திருப்பதே இந்த ஒரு நாக்குதான்.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் மௌன விரதம். மகள்தான் இரண்டு பக்கமும் தூது. "அம்மா, அப்பா சாவி எங்கன்னு கேக்கறார். நான் காலேஜ் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் கடுதாசி போட்டுப்பீங்களா?"

மார்ச் 11, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

இயக்குநர் அறையில் எல்லாப் பதிவுகளையும் போட்டுப் பார்த்தோம். ரேடியோக்காரரை அவருக்கும் பிடித்திருந்தது. எனக்கு உள்ளூர ஒரே பெருமை. முப்பத்தொன்று வந்தது. பத்து விநாடி பார்த்தார், நிறுத்தினார். "யாரோ சலவைக்குப் போட்ட துணிக்கணக்கு வாசிக்கறாங்க, இவரும் பாவம், பதில் சொல்றாரு," என்றார். துணிக்கணக்கு வாசித்தது நான். பட்டியலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பிறகு பதினேழை மறுபடி போடச் சொன்னார். இந்த முறை படத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடுத்து நாலு, பன்னிரண்டு, இருபத்திரண்டு. எல்லாவற்றையும் கண்ணை மூடியபடியே.

"கேமராவுக்குப் பின்னாடி பேசறாரே, அது யாரு? ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி அண்ணனா வர்றாரு. பயந்தவனுக்கு மெதுவா, திமிர் பிடிச்சவனுக்குக் கறாரா. பதினேழை நல்லா நடிக்க வெச்சதே இந்தக் குரல்தாம்மா."

"அது... முப்பத்தொண்ணு சார்."

சிரித்தார், நான் தமாஷ் செய்கிறேன் என்று. பிறகு அவர் என் வீட்டுக்காரர் என்பதையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளிக்கிழமை அவருக்கு மறுபடி தேர்வு வை, உருப்படியாக யாரையாவது படிக்கச் சொல் என்றார்.

அடிப் பாவி. முப்பது பேருக்குக் கிடைத்த அண்ணன் அவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. மரக்கட்டையோடு பேசச் சொல்லிவிட்டு, உள்ளே எதுவும் அசையவில்லை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டில் மறுதேர்வு என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

படிக்க ஆள்? இந்த ஊரில் குரலாலேயே பிழைக்கும் ஒரே ஆள் எனக்குத் தெரிந்து ரேடியோக்காரர்தான். அவருடைய வேடத்தைப் பறிக்கவே அவரைக் கூப்பிடுவது அநியாயம். அதையே போனில் பட்டென்று சொன்னேன். "எனக்கு அவர் நல்லாப் படிச்சாருல்ல? வரேன்," என்றார்.

வந்தார். நன்றாகப் படித்தார். கஞ்சத்தனம் பண்ணவில்லை.

என் வீட்டுக்காரர் முதல் மாடியில் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாவது மாடியில் அண்ணன் இருமினார். அந்த இருமல் வசனத்தில் இல்லை, ரேடியோக்காரர் தானாகச் சேர்த்தது. அதைக் கேட்டு இவர் லிஃப்ட் விசிறியின் பொத்தானை மெல்லத் திருகிக் குறைத்தார். அறையில் விசிறியும் இல்லை, பொத்தானும் இல்லை. வெறும் காற்றில் திருகினார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. 'நான்தான்' என்று சொல்லவில்லை. அண்ணன் போகும் திசையில் அரை அடி எடுத்து வைத்தார், பின்வாங்கினார். அவ்வளவுதான் செய்தார். கேமரா பிடித்த பெண் மூக்கை உறிஞ்சினாள். இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 16, திங்கள்

வேடம் அவருக்கு. கையெழுத்தாகிவிட்டது.

ரேடியோக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத ஒரே வேலை இது. "படிக்கும்போதே தெரிஞ்சு போச்சும்மா," என்றார். "ஆனா வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்." மனசு கனத்துப்போனது. அடுத்த படத்தில் அவருக்கு ஒரு வேடம் தேடாமல் விடமாட்டேன்.

வீட்டில் ஒரே கும்மாளம். மகள் அவரை லிஃப்ட் லிஃப்ட் என்றே கூப்பிடுகிறாள். என் கண்ணை எல்லோரும் பாராட்டுகிறார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம், ஆகஸ்ட் 21, சனி

படம் வந்து ஆறாவது வாரம். தெருவில் அவரோடு நடக்க முடியவில்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினாலும் யாராவது "எத்தனாவது மாடி?" என்று அவர் குரலில் கேட்கிறார்கள்.

காலையில் தியேட்டரில் பார்வையாளர்களோடு உரையாடல். நான் மூன்றாவது வரிசை. ஒரு பெண் எழுந்து, இந்த வேடத்தில் முதலில் வேறு யாரோ நடிப்பதாக இருந்ததாமே என்று கேட்டாள். இவர் ரேடியோக்காரரைச் சொன்னார், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். பிறகு, "எங்க வீட்டுப் பட்டியல்ல நான் ஆறாவது," என்றார். அரங்கமே சிரித்தது. ஆறாவது எப்படி முதலாவது ஆனது என்று அவள் விடவில்லை.

"முதல் தடவை நான் சரியாப் பண்ணலம்மா. அவங்க சொன்னது சரிதான்."

எனக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள்.

சரியில்லை. நீங்கள் சரியாகத்தான் செய்தீர்கள். படித்தவள் நான், கெடுத்தவள் நான். இது இந்த நோட்டில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அவரைக் கண்டுபிடித்தவள் என்று என்னை மூன்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. மூன்றையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ படிச்ச முதல் வரியிலயே தெரியும்," என்றார். "நிறுத்திட்டு வேற ஆள் குடுன்னு கேட்டா, வீட்டுக்காரன்னு சலுகை கேட்ட மாதிரி ஆயிடும்ல."

இத்தனை நாளில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

பதினேழு மாதம் காத்திருக்கிறார்.