சோலைவரிக்குச் சொன்ன பொய்

ஐப்பசி 12, செவ்வாய்

காலையில் வீடுகளுக்குச் சோலைவரி மதிக்கும் ஓவசியர் வந்தார். ஊருக்குப் புதியவர். சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்கு வரி குறைப்பார்களாம். இந்த வீடு என் மனைவியின் சீதனம். அவள் செத்துப்போனபிறகு மலாயாவில் இருக்கும் மகனுக்குத்தான் உரிமை. எனக்கில்லை.

ஓவசியர் கடதாசியில் அவள் பெயரைப் பார்த்தார். "ஐயா, இவ இஞ்சைதானே இருக்கிறா?"

"ஓம், அடுப்படியிலை நிக்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டார். புறப்படும்போது உட்பக்கம் பார்த்து, "அப்ப வாறன் அக்கா" என்றார்.

முன்பெல்லாம் சோறு ஆயத்தம் என்று வந்தவர்களிடம் சும்மா அளந்துவிடுவேன். அவர்கள் கைகழுவி வருவதற்குள் இலையில் சோறு இருக்கும். என்னைப் பொய்யனாக்க அவள் ஒருநாளும் விட்டதில்லை.

அடுப்படிப் பக்கமே போகாமல் இன்று முழுக்கப் பட்டினி. சற்றுமுன் விளக்கோடு அடுப்படி வரை போனேன். கதவைத் திறக்கவில்லை.