திருத்தின கதையில் செத்த கதிரவேல்

சல்லி, திருகோணமலை
1942 ஆவணி

அன்பு மகன் இராசநாயகத்துக்கு அம்மா எழுதுவது. கோணேசர் காவலில் நானும் ஐயாவும் உயிரோடு இருக்கிறம், நீயும் சுகமாய் இருக்கவேணும் என்று கும்பிடுகிறன், மற்றபடி இன்றைக்கு உன்னோடு அன்பாய்க் கதைக்க எனக்கு மனம் இல்லை. ஐயாவுக்கு இருமல் குறைவு. அரிசிக்குக் கூப்பனோடு வெயிலில் நிற்கவேணும், கடற்கரை முழுக்க முள்ளுக்கம்பி, வலை இழுக்க வழியில்லை. இனி உன்ரை விசயத்துக்கு வாறன்.

பங்குனியில் குண்டு போட்ட அன்று துறைமுகத்துக்குள் வேலைக்குப் போன பக்கத்து வீட்டுக் கதிரவேல் இன்னும் வரேல்லை என்று உனக்கு எழுதினது நான்தான். பெண்சாதி சீதேவி ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைக்கிறாள் என்றும் எழுதினனான். அதை நீ கதையாக்கி முதலில் எனக்கு அனுப்பினாய். விடிய எழும்பி அந்தச் சோற்றுக்கு அவள் தண்ணி ஊற்றுகிறதோடு கதையை விட்டிருந்தாய், வாசித்து அழுதனான், அவ்வளவும் உண்மை. இப்ப பத்திரிகையில் வந்ததைப் பார்த்தால் பிணம் கரை ஒதுங்குது, அவள் தாலியைக் கழற்றிக் கடலில் எறியிறாள். பத்திராதிபர் அந்த முடிவு போதாது என்றாராம், நீ இருந்து திருத்தினாயாம், இப்பதான் அது கதையானதாம். பெருமையாய் வேறு எழுதியிருக்கிறாய். ஆரைக் கேட்டு அவனைச் சாக்காட்டினாய்?

பேரை மாற்றினால் ஆள் தெரியாதோ? புருவத்துத் தழும்பு, வாசலில் கவிழ்த்த வள்ளம், மூடின சோறு எல்லாம் அப்படியே கிடக்கு. கதிரவேலின் தமையன் சிவகுரு அதை வாசிகசாலையில் படித்துப்போட்டு, கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கிற பெடியன், செத்தவையின் விபரம் பாராமல் எழுதமாட்டான், வெளியில் சொல்ல ஏலாததைக் கதையாய்ச் சொல்லியிருக்கிறான் என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். ஆர் செத்தது ஆர் தப்பினது என்று வெள்ளைக்காரன் வாய் திறக்கிறானில்லை, சனம் எதைத்தான் நம்பும். போன கிழமை ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டினம், உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையில் உருவம் கட்டி எரிக்க, சீதேவியின் தாலியைக் கழற்ற. நான் வாசல் படலையில் குறுக்கே நின்று, அது என்ரை மகன் கட்டின பொய் என்று கத்தினனான். பெற்ற பிள்ளையைப் பொய்யன் என்று என்ரை வாயாலேயே சொல்லவைத்தாய். ஆவணி முடியுமட்டும் பொறுக்கிறம் என்று போயிருக்கினம்.

குண்டு போட்ட அன்று காட்டுக்குள் ஓடின கிண்ணியாச் சரீப் செத்துப்போனார் என்று எல்லாரும் நினைத்திருக்க, வெருகல் பக்கம் காய்ச்சலில் கிடந்து ஆனியில் வந்து சேர்ந்தவர். அது உனக்குக் கதையாய்த் தெரியேல்லையோ. எழுத ஒன்றும் வருகுதில்லை, ஊரில் நடக்கிற புதினம் எழுதுங்கோ அம்மா என்று இனி என்னைக் கேளாதே.

சீதேவி உன்னை ஒரு வார்த்தை ஏசேல்லை, அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு. படிக்கத் தெரியாதவள், என்னைக் கொண்டு முழுக்க வாசிப்பித்துக் கேட்டாள். பிறகு, தம்பி திரும்பத் திரும்பத் திருத்துறவர்தானே அக்கா, இன்னும் ஒருக்கால் திருத்தி அவரை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லுங்கோ என்றாள். நான் ஓம் என்று சொல்லிப்போட்டன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குண்டுக்குச் சங்கு ஊதினால் கதிரையில் இருந்து எழுதிக்கொண்டிராமல் ஓடி ஒளி, கோணேசர் உன்னைக் காப்பார். நீ ஒன்றும் அறியேல்லை, எல்லாம் கற்பனை என்று சிவகுருவுக்கு உன் கையால் உடனே எழுது. இன்றைக்கும் அவள் சோறு மூடி வைத்திருக்கிறாள்.

கோபம் ஆறாத உன் அம்மா,
இரத்தினேஸ்வரி