ஓரத்துப் பென்சில் குறி

12.3.2009, வியாழன். முதுநகர்.

இன்று சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மைத்துனன் தேவராஜைப் பார்த்துவிட்டு வந்தேன். தேறிவிடுவான் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஜெபம் பண்ணலாம் என்றேன்.

"முதல்ல ஏதாச்சும் படிங்க மாமா," என்றான்.

வேதாகமத்தைத் திறந்தேன். எட்டு வருடமாகச் சபைப் பத்திரிகைக்கு மாதம் ஒரு தியானம் எழுதுகிறேன். எந்த வசனத்தை எந்த இதழுக்கு எடுத்தேன் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பது என் வழக்கம். ஆறுதலான ஒரு வசனத்தைப் படித்தேன். இரண்டு வரிக்குள் அவன் கை காட்டி நிறுத்தினான்.

"இத வச்சு நீங்க எழுதிட்டீங்க மாமா. பொங்கலப்போ படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. அது ஊருக்கு. தூக்கம் வராதப்போ உங்களுக்குன்னு ஒண்ணு படிப்பீங்கல்ல, அதப் படிங்க."

பக்கங்களைப் புரட்டினேன். ஆகஸ்ட், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்று என் கையெழுத்தே வந்துகொண்டிருந்தது. குறி இல்லாத பக்கமெல்லாம் நான் நின்று படிக்காத பக்கம். அவன் காத்திருந்தான். பிறகு, "பரவால்ல மாமா," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எந்த இதழுக்கும் இல்லாமல், அவனுக்காக, ஒரு அதிகாரம் படிக்க உட்கார்ந்தேன். பாதிகூடப் போகவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டதை வைத்து ஏப்ரல் இதழுக்கு முதல் வரி தானாக வந்துவிட்டது.

நல்ல வரி.