வடமுனை நிறுத்தத்தில் கேட்பாரற்ற பைகள்

அனுப்புநர்
வேதியியலாளர்,
தீவுக் குடிநீர் ஆய்வகம்.
(வீடு: தையற்கடை மாடி, வடமுனைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில்.)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தீவுப் போக்குவரத்து ஒருங்கிணைப்புத் திட்ட அலுவலகம்,
படகுத்துறைச் சாலை.

பொருள்: வரைவுத் திட்டத்தில் வடமுனைப் பேருந்து கைவிடப்பட்டிருப்பது – பயணிகள் கணக்கை மறுபடி எடுக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: பொதுமக்கள் கருத்துக்காகத் தங்கள் அலுவலகம் வெளியிட்ட வரைவு அறிக்கையின் ‘வடக்கு வழித்தடம்’ பகுதியும் அதன் படப் பின்னிணைப்பும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் வரைவுத் திட்டத்தை முழுவதும் படித்தேன். அது நல்ல திட்டம். இப்படி எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவுக்கு நான் வாழ வந்த பிறகு மூன்று போக்குவரத்துத் திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல்வெட்டுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றின்மேல் எங்கள் தெருவில் வலை காயப்போடுகிறார்கள். ஆகவே தங்கள் அறிக்கையைக் கையில் பென்சிலோடுதான் திறந்தேன். பேருந்தும் படகும் ஒரே அலுவலகத்தின்கீழ் வரும், இரண்டுக்கும் ஒரே சீட்டு, காற்றாலை மின்சாரத்தில் ஓடும் பேருந்துகள், படகுத்துறைவரை சைக்கிள் பாதை என்று படித்துக்கொண்டே போனபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வடக்கு வழித்தடம் வந்ததும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

2. வடமுனை நிறுத்தத்தில் காத்திருப்போர் ஏறத்தாழ இல்லை என்றும், கணக்கெடுத்த நாட்களில் அதிகபட்சமாகக் காணப்பட்டதே ஒருவர்தான் என்றும், எனவே அங்கே பேருந்தை நிறுத்திவிட்டு, முதல்நாளே தொலைபேசியில் பதிவுசெய்தால் வரும் வேன் ஒன்றை விடலாம் என்றும் அறிக்கை சொல்கிறது. அந்த ஒருவர் யாரென்று விசாரித்தோம். எங்கள் சலூன்காரர். அவர் பேருந்துக்கு நிற்கவில்லை. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றவர். இதை அவரே ஒப்புக்கொண்டு, மனுவில் எழுதவும் அனுமதி தந்தார். “எழுதுங்க, பரவாயில்ல. ஆனா தப்பு என் மேல இல்லன்னும் ஒரு வரி சேர்த்துடுங்க” என்றார். சேர்த்துவிட்டேன்.

3. வடமுனையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை, ஐயா. நிறுத்தத்தின் கூரை பெரும்புயலில் போனது, திரும்பி வரவில்லை. கடற்காற்று மணலை வாரி நேரே முகத்தில் அடிக்கும். ஆகவே வந்தவர் வந்த வரிசையில் தம் பையை நிறுத்தத்தில் வைத்து, பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு எதிரே இருக்கும் தையற்கடைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கடை நிறைந்துவிட்டால் சலூன். பேருந்து மேட்டில் முக்கி முனகி ஏறும் சத்தம் உள்ளே கேட்கும். உடனே எல்லோரும் எழுந்து போய் அவரவர் பையருகில் நின்றுகொள்வார்கள். ஒரு பைக்கு ஓர் ஆள். அடுத்தவர் பையை யாரும் தொட்டதில்லை, முந்தியதும் இல்லை. முந்தப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு இன்றுவரை ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் பெயர், அவர் மகளின் திருமண அழைப்பிதழைக்கூட எக்ஸ்பிரஸ் வீட்டு அழைப்பிதழ் என்றே சொன்னோம்.

4. தங்கள் கணக்கெடுப்பாளர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. நடுத்தர வயதுக்காரர், கடமை தவறாதவர். குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் நின்றார். தையற்கடை நடத்தும் என் நாத்தனார் வாசலுக்கு வந்து, “உள்ள வாங்கண்ணே, எதுக்கு மண்ணைத் தின்னுக்கிட்டு நிக்கிறீங்க” என்று பல முறை அழைத்திருக்கிறார். “நிறுத்தத்தை விட்டு நகரக் கூடாதும்மா, உத்தரவு” என்று மறுத்துவிட்டார். உள்ளே வந்திருந்தால் அவர் எண்ண வேண்டிய அத்தனை பேரையும் ஒரே அறையில் பார்த்திருக்கலாம். பேருந்து வந்ததும் கடையிலிருந்து கூட்டம் இறங்கி வருவதைக் கண்டு திகைத்து, இவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டாராம். சொன்னதும் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நிறுத்தத்தில் காத்திருப்போருக்குத்தான் கட்டம் இருக்கு. கடையில உக்காந்திருக்கறவங்களுக்குக் கட்டம் இல்லையே” என்று வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். நானும் மாதிரி எடுக்கும் வேலையில் இருப்பவள். குழாயைத் திறந்தவுடன் விழும் நீரைப் பிடித்தால் அது குழாயைப் பற்றிச் சொல்லும். கிணற்றைப் பற்றிச் சொல்லாது. பிடித்தவர் கவனமாகப் பிடித்தார் என்பதால் அந்த முடிவு மாறுவதில்லை.

5. சீட்டு விற்பனைக் கணக்கிலும் நாங்கள் தென்படமாட்டோம். எங்களில் பெரும்பாலோர் மாதச் சீட்டுக்காரர்கள். மாதச் சீட்டு படகுத்துறையில் மட்டும் கிடைப்பதால் தங்கள் கணக்கில் படகுத்துறைப் பயணிகளாகிவிட்டோம்.

6. எங்களுக்கான சான்று தங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. படப் பின்னிணைப்பில் வடமுனை நிறுத்தத்தின் புகைப்படம் ஒன்று உள்ளது. அதில் சலூன்காரர் ஒருவர் (முகம் திருப்பியிருக்கிறார்), அவருக்குப் பின்னால் பதினொரு பைகள். அதன்கீழ், ‘நிறுத்தத்தில் கேட்பாரற்ற பைகள் காணப்பட்டன. பாதுகாப்புக் கருதி உடனே அகற்றப்பட வேண்டும்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. எழுதியவர் களத்துக்கு வந்தவராக இருக்க முடியாது. முதலாவது பை நாத்தனாருடையது. மீதமான துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது, தூரத்திலிருந்தே தெரியும். இந்த வரியை நான் படித்துக் காட்டியபோது கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, “அப்போ என்னையும் அகற்றிடுவாங்களா, அண்ணி?” என்று கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. காரணத்தைக் கீழே தெரிவிக்கிறேன்.

7. என் நாத்தனாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் அவர் வடமுனைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போய், படகேறி, மறுகரை மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்புகிறார். திரும்பிய மறுநாள் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவார். சிகிச்சை முடியும் நேரம் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. ரத்த அழுத்தம் இறங்கினால் எழுப்பமாட்டார்கள். கட்டில் காலியாகாவிட்டால் தொடங்கவே தாமதமாகும். இந்த நிலையில் திரும்பும் வேனுக்கு முதல்நாளே எந்த நேரத்தைச் சொல்லிப் பதிவுசெய்வது? போகாமலிருப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வரைவு வெளியான வாரமே மறுகரையில் வாடகைக்கு அறை பார்க்கத் தொடங்கிவிட்டார். பார்த்து வந்த அறையில் தையல் மெஷின் வைக்க இடமில்லை. அடுத்த பருவத்துக்குப் பள்ளிச் சீருடை தைக்கக் கேட்டு வந்தவர்களிடம், “வேற யாரையாவது பாத்துக்கோங்க, நான் இருப்பேனோ என்னவோ” என்கிறார். ஊரை விட்டுப் போவதைத்தான் சொல்கிறார் என்று நாங்களாக எடுத்துக்கொள்கிறோம்.

8. வரைவைப் படித்த கையோடு நாங்கள் ஒரு காரியம் செய்து பார்த்தோம். கட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும் என்றால் நின்றுவிடுவோம் என்று ஒரு காலை எல்லோரும் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிறுத்தத்திலேயே நின்றோம். மேடேறி வந்த பேருந்து எங்களைக் கண்டதும் சட்டென்று நின்றது. நடத்துனர் குதித்து ஓடிவந்து, “யாருக்கு என்ன ஆச்சு? எப்போ?” என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, பேருந்துக்குத்தான் நிற்கிறோம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பேருந்துக்கு இப்படியா நிப்பாங்க? நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுடுச்சு” என்றார். அன்று பாதிப்பேர் கண்ணில் மணலோடு வேலைக்குப் போனார்கள். கூரை வரும்வரை எங்களால் அப்படி நிற்க இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. அதே நாள் நல்லதொன்றும் நடந்தது. விஷயத்தைக் கேட்ட நடத்துனர், படகுத்துறையில் இறங்கியதும் படகோட்டியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். எங்கள் பேருந்து மேட்டில் திணறிய நாட்களில் படகு கிளம்பிப் போய்விடும். நாத்தனார் அடுத்த படகுக்குப் பலகையில் படுத்துக் காத்திருப்பார். ஏன் சற்று நிற்கக் கூடாது என்று நான் முன்பொருமுறை படகோட்டியிடம் கேட்டிருக்கிறேன். “நிக்கிறதுக்கு எனக்கென்ன? நிக்கச் சொல்ல ஆள் வேணுமில்ல. பேருந்து ஒரு துறை, படகு ஒரு துறை. ரெண்டு பேரும் சம்பந்தி சண்டை மாதிரி பேசிக்கிறதே இல்ல” என்றார் அவர். இப்போது நடத்துனர் புறப்படும்போது அவருக்கு ஒரு செய்தி அனுப்புகிறார், அவரும் நிற்கிறார். அன்றிலிருந்து நாத்தனார் ஒரு படகையும் தவறவிடவில்லை. இது எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு. ஆனால் தங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தில் ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதியிருப்பது இதைத்தான் என்று நம்புகிறேன். இரண்டு நல்ல மனிதர்களின் தயவில் நடப்பதைத் தங்கள் அலுவலகம் முறையாக நடத்த முடியும். அவர்களில் ஒருவர் விடுப்பில் போனாலும் அது நடக்க வேண்டும்.

10. மேற்கண்டவற்றைக் கருத்தில் கொண்டு கீழ்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(அ) வடமுனையில் பயணிகளை மறுபடி எண்ண வேண்டும். இம்முறை பேருந்தில் ஏறுவோரை எண்ண வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் பைகளை எண்ணினாலும் போதும், கணக்கு பிசகாது.

(ஆ) அதுவரை வடக்கு வழித்தடம் குறித்து இறுதி முடிவு எடுக்கக் கூடாது. பைகளை அகற்றும் பரிந்துரையை நீக்க வேண்டும்.

(இ) வடமுனைப் பேருந்து வந்துசேரும்வரை படகு குறிப்பிட்ட நேரம் காத்திருக்கும் என்பதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். வேனையும் விட வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசிப் படகில் வருபவர்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

(ஈ) புதிய மின்பேருந்து சத்தமில்லாமல் வரும் என்று அறிக்கையில் பெருமையோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது வசதி. எங்களுக்கு, கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போதே பேருந்து வந்து போய்விடும். மேட்டின் அடியில் ஒருமுறை மணி அடிக்க ஏற்பாடு செய்தால் நன்று. தேவைப்பட்டால் தான் கதவைத் தட்டிக்கொண்டே வருவதாக நடத்துனர் சொல்கிறார். புதுப் பேருந்தின் கதவை நினைத்து இதைத் தெரிவிக்கிறேன்.

(உ) கூரை. இதைக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், பல முறை முதலில் எழுதிப் பார்த்துவிட்டோம்.

11. இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது நாத்தனார் என்னிடம் சொன்னது ஒன்றுதான். “பெரிய பெரிய வார்த்தையா போட்டு அவரை மிரட்டிடாதீங்க, அண்ணி. ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. வந்தா புரிஞ்சுக்குவாரு.” எனக்கு அவ்வளவு சுலபமாக நம்பிக்கை வராது. வந்து பார்த்துவிட்டுப் போன அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் நேற்று மாலை கீழே இறங்கியபோது, ஒரு பெண்பிள்ளைக்கு அவர் சீருடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். தைக்கப்போவதில்லை என்றாயே என்று கேட்டேன். “அளவுதானே எடுக்கிறேன். மனு போய்ச் சேரட்டும், பாத்துக்கலாம்” என்றார். அந்தச் சீருடைத் துணி இன்னும் வெட்டப்படவில்லை. அதை வெட்டலாம் என்று அவரிடம் சொல்லும் பதிலைத் தங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.

12. தாங்கள் நேரில் வர இசைந்தால் காலைப் பேருந்துக்கு முன் வருவது நல்லது. தங்கள் பையை வரிசையின் கடைசியில் வைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுக் கடைக்குள் வந்துவிடுங்கள். கல் அங்கேயே கிடைக்கும். உள்ளே தங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும். பை பத்திரமாக இருக்கும்.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
குடிநீர் ஆய்வக வேதியியலாளர்,
வடமுனைப் பயணிகள் சார்பாக.

உடன் கையொப்பமிட்டோர்: தையற்கடைக்காரர், சலூன்காரர், அவர் மனைவி (தப்பு யார்மேல் என்பது குறித்து இவருக்கு வேறு கருத்து உண்டு), எக்ஸ்பிரஸ், மற்றும் பின்பக்கத்தில் உள்ளோர் – பை வைத்த வரிசைப்படி.

இடம்: வடமுனை
நாள்: பிப்ரவரி 19