நான் போட்ட நான்கு பூஜ்யங்கள்

செப்டம்பர் 9, 2024, திங்கள்

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இன்று சரியாக இருந்தது. அந்தத் தைரியத்தில் சாம்பாருக்கு உப்பு கேட்டார். கொடுக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணுன டாக்டரே இம்புட்டு கறாரு இல்ல ஹெப்சி" என்றார். முப்பது வருடம் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். உப்புக்குச் சிணுங்குகிறார்.

நான் வேலை பார்க்கிற பறவை ஆய்வு நிலையத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. மதுரையைச் சுற்றிப் பதினெட்டுக் கண்மாய், நான்கு வருடப் பறவைக் கணக்கு. அட்டையில் நான் எடுத்த கூழைக்கடா. என் பெயர் உள்ளே எறும்பு அளவில் இருக்கிறது. வில்லாபுரம் வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பெருமைதான். யாரிடம் மறைப்பது?

செப்டம்பர் 21, சனி

காலையில் வெள்ளூற்றுக் கண்மாய். திருப்பரங்குன்றம் தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டர். சேறுதான் கிடக்கிறது, நாலைந்து கொக்கு. ஆடு மேய்க்கிற பாண்டியம்மாள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, போன மார்கழி பூரா ஒன்னயக் காணோமே? அந்த மாசந்தான் கண்மாய் நெறஞ்சு அம்புட்டுப் பறவையும் வந்து எறங்குச்சு. ஆட்டுக்குத் தண்ணி காட்ட எடமில்ல."

சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் அறிக்கையைப் புரட்டினால், பக்கம் 41: "வெள்ளூற்று. உச்சக் காலம். நீர்ப்பறவைகள் இல்லை."

அந்த வரி நான் அனுப்பிய கணக்கிலிருந்து வந்தது.

போன டிசம்பர் 21 அப்பாவுக்கு ஆபரேஷன். நான்கு சனிக்கிழமை நான் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. செல்போனில் நிரப்புகிற படிவம், எண் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகராது. 'நிலுவை' என்று சிவப்பில் நின்றுகொண்டே இருக்கும். ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூஜ்யம், பூஜ்யம் என்று தட்டி அனுப்பினேன். போகவில்லை என்று நிலையத்தில் கூட வேலை பார்க்கிற வித்யாஸ்ரீயிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேனா? மறந்துதான் போனேன். போகாததும் பறவை இல்லாததும் ஒன்றா? முதல் வாரப் பயிற்சியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

செப்டம்பர் 23, திங்கள்

சொல்லலாம் என்று போனேன். வித்யாஸ்ரீ லீவு. அப்பாடா என்று இருந்தது. சீ.

அக்டோபர் 3, வியாழன்

வெள்ளூற்றுக் கண்மாயின் வடக்குப் பாதியை மேடாக்கிச் சரக்குக் கிடங்கு கட்டப் போகிறார்களாம். கம்பெனிக்காரர்களின் ஆய்வறிக்கை நிலையத்துக்கு வந்திருந்தது. இயக்குநர் வெங்கடசுப்பிரமணியன் சார் மேஜையில் விரித்து வைத்துக் காட்டினார். நிலையத்தின் கணக்குப்படி உச்சக் காலத்திலும் பறவைகள் இல்லை, ஆகவே பாதிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் பக்கம் 41.

"நம்ம எண்ணை வச்சே நம்மள அடிக்கிறாங்க. ஆனா எண்ணு எண்ணுதானே, என்ன செய்ய?" என்றார் சார்.

நவம்பர் 12 பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் தலையாட்டினேன். வாய் திறக்கவில்லை. வாய் இருக்கிறதா எனக்கு?

அக்டோபர் 4, வெள்ளி

படிவத்தை இன்றும் திருத்த முடிகிறது. யாரும் பூட்டவில்லை. டிசம்பர் 23-க்கு எதிரே பூஜ்யத்தை அழித்து 340 என்று போட்டேன். முந்தைய வருடம் 310. யாருக்கும் சந்தேகம் வராது. பாண்டியம்மாள் கண்ணால் பார்த்திருக்கிறார், பறவை வந்தது உண்மை. பின்னே என்ன?

340 என்று நான் எண்ணவில்லையே.

அழித்துவிட்டேன். பழையபடி பூஜ்யம். முதலில் எனக்காகப் பொய், அப்புறம் பறவைக்காகப் பொய் என்று ஆரம்பித்தால் எங்கே நிற்கும்? செல்போனை அரிசி டின் மேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

அக்டோபர் 7, திங்கள்

வித்யாஸ்ரீயிடம் சொல்லிவிட்டேன். கணக்குகளைத் தொகுப்பவள் அவள்தான். அப்போது அவள் அம்மாவுடன் போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே. வைத்ததும் சொன்னேன். முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"கண்மாய் வத்திருச்சுன்னு நெனச்சேன் அக்கா. உங்க எண்ணுன்னா நான் திருப்பிப் பாக்கவே மாட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

சாரிடமும் சொல்லியாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம்: "அப்பாவுக்கு முடியலைன்னு ஒரு போன் அடிச்சிருந்தா வேற ஆள அனுப்பியிருப்பேனேம்மா."

அது எனக்குத் தெரியும் சார். இந்தக் கண்மாய்க்கு இன்னொரு ஆள் போவதை நான் விரும்பவில்லை. அதுதான் உள்ளே இருக்கிற அழுக்கு. அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அடுத்த வருடம் மார்ச்சில் வரும் அறிக்கையில் 'திருத்தம்' என்று ஒரு வரி போடலாம் என்றார். கூட்டம் நவம்பரில் ஆயிற்றே என்றேன். "ஒருத்தர் போகாமலே எண்ணு போட்டாங்கன்னு இப்ப வெளிய சொன்னா, பதினெட்டுக் கண்மாய்க் கணக்கையும் குப்பையில போடுவாங்க. சோழவந்தான் பக்கம் ரெண்டு கண்மாய காப்பாத்தினதே இந்தக் கணக்குதான். யோசிச்சுப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

கோவிலில் பாவ அறிக்கை சொல்லும்போது "செய்யத்தக்கவைகளைச் செய்யாமல்" என்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன். இருமுகிற மாதிரி நடித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வித்யாஸ்ரீ வீட்டுக்கு போன் செய்திருக்கிறாள், நான் கூட்டத்துக்குப் போவேனா என்று கேட்க. எடுத்தது அப்பா.

"நான் படுத்துக் கெடந்ததுக்கு ஒரு கண்மாயி சாகணுமா?"

அவ்வளவுதான் சொன்னார். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்து போய்விட்டார். இவருக்காகத்தானே அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஆத்திரம் வந்தது. தட்டை டங்கென்று சிங்க்கில் போட்டேன். சிங்க்கைத் துலக்கும்போதுதான் அழுகை வந்தது. இவரும் என்ன பண்ணுவாரு? நான் பண்ணுனதுக்கு நான்தான பேசணும்.

நவம்பர் 11, திங்கள்

சாரிடம் போய், நாளை பேசப் போகிறேன் என்றேன். "நிலையத்தோட சார்புல பேசாதே" என்றார். "அப்புறம் உன்ன வச்சுக்கவும் முடியாது. தெரியுமில்ல?"

தெரியும் சார்.

நவம்பர் 12, செவ்வாய்

திருமண மண்டபத்தில் கூட்டம். மேடையில் பழைய கல்யாண அலங்காரம் பாதி பிய்க்காமல் தொங்கியது. கிடங்கு வந்தால் வேலை கிடைக்கும் என்று பலர் பேசினார்கள். பொய்யில்லை, வேலை வேண்டும்தான். பதினோராவது ஆளாக நான்.

எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. "பக்கம் 41-ல இருக்கிற பூஜ்யம் நான் போட்டது. அந்த நாலு வாரமும் நான் அங்க போகல. பறவை இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

கம்பெனி ஆலோசகர் எழுந்து, மரியாதையாகவே கேட்டார்: "அப்படின்னா மேடம் போட்ட மத்த எண்ணெல்லாம்?"

நான் போன நாட்களில் எண்ணித்தான் போட்டேன் என்றேன். சொல்லும்போதே மனசு கேட்டது, என் வார்த்தைக்கு இனி என்ன மதிப்பு என்று. பின்வரிசையில் பாண்டியம்மாள் எழுந்து, "நான் பாத்தேனய்யா, மார்கழி பூரா பறவதான்" என்றார். எத்தனை என்று கேட்டார்கள். "ஆட்டத்தான் எண்ணுவேன், பறவைய யாரு எண்ணுவா?" என்றார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

வேலை போயிற்று. தொலைநோக்கியையும் அடையாள அட்டையையும் மேஜையில் வைத்தேன். சார் வாசல் வரை வந்தார். கை கொடுக்கவில்லை, ஆனால் வந்தார்.

டிசம்பர் 2, திங்கள்

வித்யாஸ்ரீ வீட்டுக்கு வந்தாள். இரண்டு செய்தி.

இந்தக் குளிர்காலம் முழுக்கப் புதிதாக எண்ணிய பிறகுதான் கிடங்கைப் பற்றி முடிவெடுப்பார்களாம். நிலையமே எண்ண வேண்டும், கூட ஒரு அரசு ஆளும் இருப்பார். பறவை இருந்தால் கண்மாய் பிழைக்கும். இல்லாவிட்டால் மண்ணடிப்பார்கள். எண்ணப் போகிறவள் அவள்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். நானே கேட்டேன். என் பெயரில் இருந்த கணக்கு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். நாலு வருடம். இருநூறு சனிக்கிழமை. "நான்தான் அக்கா அழிச்சேன். வேற யாரும் செய்ய வேணாம்னு நெனச்சேன்."

சரிதான்மா என்றேன். சரியாத்தான் இருக்கு. அவள் போன பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டிவியைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 6, 2025, திங்கள்

அப்பாவின் பழைய பள்ளியில் பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக நான். எட்டாம் வகுப்பு அறிவியல். பிள்ளைகள் போடும் சத்தத்தில் காது வலிக்கிறது.

ஜனவரி 22, புதன்

காலை ஏழு மணி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், வித்யாஸ்ரீயிடமிருந்து போன்.

"அக்கா, வடக்குக் கரையில வெயில் கண்ணுல அடிக்குது. எங்க நிக்கட்டும்?"

மடைக்கு இடப்பக்கம், கருவேல மரத்தை ஒட்டி நில், வெயில் முதுகில் விழும் என்றேன். வலமிருந்து இடமாக எண்ணு, பறக்கிறதை விட்டுவிடு, உட்கார்ந்ததை மட்டும் எண்ணு என்றேன். சரிக்கா, சரிக்கா என்றாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை. வைக்கவும் இல்லை.

எத்தனை இருக்கிறது என்று நான் கேட்கக் கூடாது. அவள் சொல்லவும் கூடாது. எனக்கு இதில் சம்பந்தம் இருந்ததாக ஒரு சொல் வந்தால் இந்த வருடக் கணக்கும் போய்விடும். அவள் பின்னால் தண்ணீர் மேலிருந்து சீழ்க்கைச் சிறகி வாத்துகளின் விசில் கேட்டது. பத்தா, முந்நூறா, போனில் தெரியவில்லை.

"வச்சிரும்மா" என்று நானே வைத்துவிட்டேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.