மேனேஜரை அனுப்ப வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உன் நாயும் வீட்டில்தான் இருக்கிறோம். வழக்கமாக அடுத்த வரியில் எல்லோரும் நலம் என்று எழுதுவேன். இன்று அதை எழுத மனம் வரவில்லை. மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் உன் சிநேகிதியின் வீட்டுக்காரர் வண்டியோடு வந்து மேனேஜரைத் தங்கள் பண்ணைக்குக் கூட்டிப் போவார் என்று போனில் சொன்னாய் அல்லவா? அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. கடிதம் கிடைத்த உடனே சொல்லிவிடு. நாய் இங்கேயே இருக்கட்டும். இதைப் போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். போனில் தட்டி அனுப்பினால் அதையும் எடுத்துப் படிக்கிறார். இது அவர் காதுக்குப் போகக் கூடாத பேச்சு.

உன்னிடம் ஓயாமல் புலம்பியது நான்தான். நடையில் தேங்கிய ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்த நாய் இருக்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை என்று சொன்னதும் நான்தான். நீ பயந்துபோய் ஏற்பாடு செய்தாய். உன்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டைப் பிரித்தாகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கவலைப்படாதே, கை இன்னும் சரியாகப் படியவில்லை.

உன் செல்லத்துக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. காலையில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்வையிட்டுவிட்டு, பிறகு நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடப்பான். மேனேஜர் என்று நீ வைத்த பெயர் தப்பவில்லை. சம்பளம் மட்டும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலித் தட்டை என் காலடிவரை தள்ளிக்கொண்டு வந்துவிடுவான். உன் அப்பாதான் அவனுக்கு எல்லாம். வெளியே போய் வந்தால் வாசலிலேயே பழைய துண்டால் நாலு பாதத்தையும் துடைத்துத்தான் உள்ளே விடுகிறார். கொல்லையில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து உண்ணி எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுகிறார். நகம் வெட்ட நான் போனால் உறுமுகிறான். அவர் போனால் கையை நீட்டுகிறான்.

தெருவில் அவன் வெளிக்கு இருந்துவிட்டால் அப்பா பையில் கையை மாட்டி அள்ளிக்கொண்டு வந்துதான் மறுவேலை. அள்ளாமல் போன எதிர்வீட்டுக்காரரை ஒருநாள் நிறுத்தி வைத்துத் திட்டிவிட்டார். அச்சகத்தில் போர்மேனாக இருந்தபோது தரையில் மை சிந்தினால் ஆட்களை என்ன பாடு படுத்துவாரோ, அதே பாடுதான். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள்ளேயே ஈரம் தேங்கினால் சும்மா இருப்பாரா?

நடையில், சாமான் அறைக் கதவுக்கு முன்னால்தான் மூத்திரம் எப்போதும் தேங்கிக் கிடக்கும். விடிந்ததும் அங்கேதான் முதலில் போய்ப் பார்ப்பேன். காகிதத்தைப் போட்டு உறிஞ்சவிட்டு, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, வினிகர் ஊற்றிக் கழுவினாலும் நாற்றம் போகாது. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிடும். "வீடா இது, தொழுவமா?" என்று கத்துவார். மேனேஜர் காதை மடக்கிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிடுவான். நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை திட்டுவேன்.

பண்ணைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒருதடவை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று அப்பாதான் சொன்னார். வியாதியோடு அனுப்பினால் போகிற இடத்தில் அடிப்பார்கள் என்று அவருக்குக் கவலை. இரண்டு பேருமாகக் கூட்டிக்கொண்டு போனோம். மிருக டாக்டரம்மா எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். எதற்கும் ஒரு ராத்திரி இங்கேயே விட்டுப் போங்கள், பார்த்துவிடலாம் என்றார். அப்பாவே அவனைக் கூண்டுக்குள் விட்டு, கழுத்தைத் தடவிக் கொடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அங்கே இருந்த பெண்ணுக்கு வகுப்பே எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் துடைக்கிற துணி, சொட்டிக்கொண்டிருந்தது. "உன் மேனேஜர் மறுபடியும் வேலையைக் காட்டிட்டான், வந்து பாரு" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் பார்த்தார். "எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டான்? செய்யறதையும் செஞ்சுட்டு" என்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றி வந்தார். அவருடைய பைஜாமா முழங்கால்வரை நனைந்திருந்தது.

சாமான் அறைக்கு அடுத்த கதவுதான் குளியலறை என்பது உனக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே பச்சை வண்ணம் அடித்திருக்கிறோம். ஆண் நாய் காலைத் தூக்கினால் சுவர் நனைய வேண்டும், கதவு நனைய வேண்டும். ஒருநாளும் நனைந்ததில்லை. இத்தனை நாளாகத் துடைத்தவள் நான், எனக்கு அது உறைக்கவில்லை.

அவனை வெளியே கட்டிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். அப்பாவின் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "உள்ள விட்டுடு, பாவம். வயசாயிடுச்சு. தெரிஞ்சா செய்யுது?" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேனேஜரை அழைத்துவர நான் மட்டும் போனேன். ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டிருந்து, காலையில் வெளியே கொண்டுபோன பிறகுதான் ஒன்றுக்கு இருந்தானாம். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இதோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ரொட்டிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, சார் முச்சந்தியில் வெகுநேரம் நிற்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். அதனால் நேற்றுச் சாயங்காலம் அப்பாவும் மேனேஜரும் நடக்கக் கிளம்பியதும், பையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். முச்சந்தி வந்ததும் அப்பா நின்றுவிட்டார். ஒவ்வொரு தெருவாகப் பார்க்கிறார். மறுபடியும் பார்க்கிறார். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து அவர் நடக்கிற தெரு அது. மேனேஜர் அவர் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தான். பிறகு எழுந்து நம் தெருப் பக்கமாக வாரை இழுத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தார். வீட்டுக்கு வந்து, நன்றாக நடக்க வைத்துவிட்டேன் உன் மேனேஜரை என்று என்னிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் இவரை யார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது? நான் கூடப் போகிறேன் என்றால், எதற்கு என்று கேட்பார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நாய் போன பிறகும் தரை நனையுமே, அப்போது அவர் யாரைத் தேடுவார்?

அவரை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், தெரியும். தனியாக எனக்குத் துணிச்சல் வரவில்லை. காலையில் அவர் கண் விழித்ததும் முதல் வார்த்தை பேசும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். என்னையும் யார் என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இதுவரை கேட்கவில்லை.

நீ ஒருதடவை வந்துவிட்டுப் போம்மா. லீவு கிடைக்காது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். திடீரென்று எதற்கு வந்தாய் என்று அப்பா கேட்டால், மேனேஜரைப் பார்க்க ஆசையாக இருந்தது என்று சொல். அவர் முகத்தையே உற்று உற்றுப் பார்க்காதே. அழவும் கூடாது. நீ இருக்கும்போது நடையில் தரை நனைந்திருந்தால், அப்பாவுக்குக் கேட்கும்படி நாயைத் திட்டு. அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் குடும்பம் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடும்,

அம்மா